அடிப்பதா வைப்பதா என்று யார் தீர்மானிப்பது?

மே 4

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியது: "பெத்தாங் ஆட்டத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று பேர் கூடி நின்று குசுகுசுப்பது வெறும் நேரவிரயம். நன்றாக அடிக்கத் தெரிந்த ஒருவர் அணியில் இருந்தால், எதிரணி வைப்பதையெல்லாம் அவர் அடித்து அகற்றிவிடுவார். மற்ற இருவரும் குண்டு பொறுக்கிக் கொடுத்தால் போதும். கரம் போட்டில் ஒரு நல்ல கை போதும் என்பதைப் போலத்தான் இதுவும். இல்லையென்று சொல்பவர் கணக்கோடு காட்டட்டும்."

மே 4, இரவு

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: பெத்தாங் என்பது உருக்குக் குண்டுகளை எறிந்து, குட்டி என்ற சிறிய மரப்பந்துக்குக் கிட்ட நிறுத்தும் பிரெஞ்சு ஆட்டம். கிட்ட நிறுத்துவது வைத்தல், எதிரணியின் குண்டை மோதி அகற்றுவது அடித்தல். கணக்குக் கேட்கப்பட்டதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மூவர் அணியில் ஒருவருக்கு இரண்டு குண்டுகள் மட்டுமே உண்டு. எதிரணியிடம் ஆறு இருக்கின்றன. உங்கள் அடிப்பவர் ஒருபோதும் தவறவிடாதவர் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் இரண்டை அகற்றியபின் நான்கு மீதியிருக்கும். இருவர் அணியில் ஆளுக்கு மூன்று குண்டுகள். அங்கேயும் அவர் அகற்றக்கூடியது பாதிதான்.

இரண்டாவதாக, அகற்றுவதால் மட்டும் புள்ளி கிடைப்பதில்லை. சுற்றின் முடிவில் குட்டிக்கு மிக அருகிலுள்ள குண்டு எவருடையதோ, அந்த அணிக்கே புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள குண்டைவிடக் கிட்ட நிற்கும் அந்த அணியின் குண்டுகள் அத்தனையும் எண்ணப்படும். 13 புள்ளி எடுத்தவர் வெல்வார். அடித்த குண்டு எதிரியின் குண்டைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் நிலைத்தால், பிரெஞ்சுக்காரர் கரோ என்று கொண்டாடும் அந்த அடி விழுந்தால், அடித்தலும் வைத்தலும் ஒன்றாகிவிடும். ஆனால் அது எங்கள் காணியில் மாதத்தில் சில தடவைகளே நிகழ்கிறது, நிகழ்ந்தால் அன்றைய பிளேன்ரீ முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. மற்ற நாட்களில் அடித்து வெறுமையாக்கிய இடத்தில் யாராவது ஒருவர் வைத்தாக வேண்டும்.

ஆகவேதான் மூவரில் ஒருவர் வைப்பவர், ஒருவர் அடிப்பவர், ஒருவர் நடுவர் என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

மே 5

"நடுவரே குண்டு எறிந்தால், யார் கிட்ட என்று அளப்பது யார்?" என்று திருக்கோயிலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குற்றம் என்னுடையது. வைக்கவும் அடிக்கவும் இரண்டுக்கும் நிற்கும் இடையாளைக் குறிக்கவே அந்தச் சொல்லை எழுதினேன், மத்தியஸ்தரை அல்ல. இனி அவரை நடுஆள் என்றே எழுதுகிறேன். அளப்பதை எங்கள் காணியில் தங்கூசி நூல்தான் செய்கிறது, அதோடும் சிலர் சண்டை பிடிக்கிறார்கள்.

மே 8

எங்கே, எந்த மண்ணில் ஆடுகிறீர்கள் என்று மூவர் கேட்டுவிட்டனர். மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே கிடக்கும் நிலத்துண்டில், ஒரு வெறுங்காணியில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிறோம். அங்கே முன்பு ஒரு வீடு இருந்தது. 2004 மார்கழிக்குப் பின் இல்லை. நெடுங்காலம் பாரிஸில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய என் சித்தப்பா, பெட்டியில் சொக்லேட்டுக்குப் பதிலாக ஆறு உருக்குக் குண்டுகளைக் கொண்டு வந்து இறக்கினார். விதிப்படி ஒரு குண்டின் நிறை 650 முதல் 800 கிராம் வரை இருக்கலாம், ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ நான்கு கிலோவாவது வரும். சித்தி அதை இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த வருடம் வந்த இன்னொரு உறவினரிடம் சொல்லி மேலும் ஆறு எடுப்பித்தோம், அதன்பிறகுதான் மூவருக்கு மூவராக ஆட முடிந்தது.

முதலில் கடற்கரையிலே ஆடிப் பார்த்தோம். கடல் மணல் குண்டை விழுந்த இடத்திலேயே விழுங்கிக்கொள்கிறது. உருட்டவும் முடியாது, துள்ள வைக்கவும் முடியாது. இந்தக் காணியில் மணலோடு பழைய ஒழுங்கையின் கிறவல் கலந்து, ஆட்கள் நடந்து நடந்து இறுகியிருந்தது. போட்டி ஆடுகளம் 15 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்று சித்தப்பா சொன்னபடி தங்கூசி கட்டினோம். ஒரு பக்கத்தில் தென்னை வேர் உள்ளே வருகிறது. வெட்ட வேண்டாம், அதுவும் ஆடட்டும் என்று விட்டுவிட்டோம்.

குட்டி என்று நாங்கள் சொல்வது 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறிய மரப்பந்தை. அதற்குப் பிரெஞ்சில் கொஷொனே என்று பெயர், பன்றிக்குட்டி என்று பொருளாம். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை வைத்துக்கொண்டோம்.

பெத்தாங் என்ற பெயரின் வேர் ஊன்றிய கால் என்பது. மார்செய்க்கு அருகிலுள்ள லா சியோத்தா என்ற துறைமுக ஊரில், 1907 என்பார் சிலர், 1910 என்பார் சிலர், மூட்டுவாதத்தால் ஓடிவந்து எறிய முடியாத ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியும் இந்த வகை உருவானது என்பர். இரு கால்களும் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், குண்டு நிலத்தைத் தொடும்வரை கால் வெளியே போகக்கூடாது. முதியவர் விளையாட்டு என்று கிண்டல் செய்ய நினைக்கும் வாசகர் இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளட்டும். புதுச்சேரியில் நம்மவர்கள் பல தலைமுறைகளாக ஆடுகிறார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோலின் தாயார் ஊக்குவித்து வளர்த்த ஆட்டம் இது, அந்நாட்டுப் பெண்கள் உலகப் பட்டம் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

மே 11

கணக்கை மட்டும் எழுதினால் நான் எப்போதும் சரியாகத் தீர்மானிப்பவன் போலத் தோன்றும். ஆகவே தோற்ற ஆட்டம் ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் அணியில் நான், என் மச்சாள், என் அக்காவின் மகன். மச்சாள் வைப்பவர், மருமகன் அடிப்பவர், நான் நடுஆள். அதோடு யாரும் நியமிக்காத தலைவனும் நானே. எதிரணி 11, நாங்கள் 9. எதிரணியின் குண்டுகள் தீர்ந்துவிட்டன. அவர்களுடைய இரண்டு குண்டுகள் குட்டிக்கு ஒரு சாணுக்குள் நிற்கின்றன, மச்சாளின் ஒரு குண்டு அவற்றுக்குச் சற்று வெளியே. இப்படியே முடிந்தால் அவர்களுக்கு 13. எங்களிடம் மீதியிருப்பது மருமகனின் கடைசிக் குண்டு.

மூன்று வழிகள் இருந்தன. இரண்டையும்விடக் கிட்ட வைத்தால் எங்களுக்கு ஒன்று, 10 ஆகும். ஒரு குண்டை அடித்து அகற்றினால் அவர்களுக்கு ஒன்று மட்டும், 12 இல் நிற்பார்கள். மூன்றாவது வழி குட்டியையே அடித்து ஆடுகளத்துக்கு வெளியே அனுப்புவது. குட்டி வெளியேறும்போது இரு அணியிடமும் குண்டு இல்லாவிட்டால் அந்தச் சுற்று செல்லாது. 11 க்கு 9 என்ற நிலையிலேயே புதிதாகத் தொடங்கலாம். நான் குட்டியை அடி என்றேன். குண்டு நேர்கோட்டில்தான் போயிற்று. குட்டிக்குக் கொஞ்சம் முன்னே விழுந்து, துள்ளி, அதன் மேலால் பறந்து தென்னை வேரில் போய் நின்றது. 13 க்கு 9.

என் தீர்மானம் சரி, எறிதல்தான் பிழை என்று அன்று இரவு முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 12

"குண்டு பெரியது, குட்டி சிறியது, பெரியதை அடிக்கச் சொல்லியிருக்கலாமே" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். தோற்றம் அப்படித்தான். நாளை கணக்கோடு வருகிறேன்.

மே 13

குண்டின் விட்டம் 75 மில்லிமீற்றர் என்று கொள்வோம் (விதி 70.5 முதல் 80 வரை அனுமதிக்கிறது). எறியப்படும் குண்டின் ஆரை 37.5, தரையிலுள்ள குண்டின் ஆரையும் 37.5. நடுவுக்கு நடு 75 மில்லிமீற்றர் வரை விலகினாலும் உரசிவிடும், எனவே இரு பக்கமும் சேர்த்து 150 மில்லிமீற்றர் அகலமான வழி திறந்திருக்கிறது. குட்டியின் ஆரை 15, 37.5 உடன் கூட்டினால் 52.5, இரு பக்கமும் சேர்த்து 105. ஆக, பார்வைக்குப் பாதியிலும் குறைவாகத் தோன்றும் குட்டி, அடிக்கும்போது பத்துக்கு ஏழு பங்கு அகலமுடைய இலக்கு. அதோடு குட்டி 10 முதல் 18 கிராம் வரையே இருக்கும், உரசினாலே பறந்துவிடும். ஆகவே என் தீர்மானம் அவ்வளவு பைத்தியக்காரத்தனம் அல்ல.

மே 14

பைத்தியக்காரத்தனம் கொஞ்சம் உண்டு. கல்முனையில் கணிதம் கற்பிக்கும் வாசகர் ஒருவர் என் கணக்கைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். இரண்டும் தரையில் இருக்கும்போது குண்டின் நடு 37.5 மில்லிமீற்றர் உயரத்திலும் குட்டியின் நடு 15 மில்லிமீற்றர் உயரத்திலும் இருப்பதால், ஆரைகளை அப்படியே கூட்டக்கூடாது. கிடையாக அளந்தால் 47.4 மில்லிமீற்றர் வரைதான் உரசும். இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 95. ஆகவே பத்துக்கு ஏழு அல்ல, ஆறேகால்.

அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர் மெதுவாகச் சொல்லிவைத்தார். நான் அகலத்தை மட்டுமே கணக்கெடுத்தேன், உயரத்தை மறந்தேன். முன்னே விழுந்து துள்ளும் குண்டு 7.5 சென்ரிமீற்றர் உயரமான குண்டில் மோதக்கூடும், 3 சென்ரிமீற்றர் குட்டியை இலேசாகத் தாண்டிவிடும். அன்று நடந்தது அதுவேதான். மருமகனின் அடி எப்போதும் இலக்குக்கு ஒரு சாண் முன்னே விழுந்து மேலெழும் வகை. குட்டியை அடிக்கச் சொன்னபோது அவனது கையையும் நான் கணக்கெடுத்திருக்க வேண்டும்.

அவனுக்கு இதைக் காட்டினேன். "சரி மாமா" என்று மட்டும் சொன்னான். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

மே 19

அக்கரைப்பற்று வாசகர் விடுவதாக இல்லை. பத்தில் ஐந்து அடிப்பவர் இரண்டு குண்டுகளால் எப்படியும் ஒன்றை அகற்றுவார், எனவே அடிப்பதே எப்போதும் இலாபம் என்கிறார். எப்படியும் அல்ல, நூற்றுக்கு 75. பத்தில் மூன்று அடிப்பவருக்கு அது 51 தான். அந்த வாய்ப்புக்காக இரண்டு குண்டுகளும் செலவாகிவிடுகின்றன என்பதை அவர் எழுதவில்லை.

புள்ளி எவரிடம் இல்லையோ அவரே எறிய வேண்டும், புள்ளியைக் கைப்பற்றும்வரை எறிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் உயிர்நிலை. ஆகவே ஒவ்வொரு தருணத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, எவரிடம் எத்தனை குண்டு மீதி என்பதே. எங்களிடம் ஐந்து, அவர்களிடம் நான்கு என்றிருக்கும்போது தவறவிட்ட அடியைத் தாங்கலாம். எங்களிடம் இரண்டு, அவர்களிடம் நான்கு என்றிருக்கும்போது தாங்க முடியாது. அப்போது அடித்து வென்றாலும், பின்னால் நான்கு குண்டுகள் வரிசையில் நிற்கின்றன.

நான் சொல்லவந்தது வேறொன்று. அடிக்கப் போகிறவர் எல்லோரும் குட்டிக்கு மிகக் கிட்டவுள்ள குண்டையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது குண்டை. முதலாவதை அகற்றியபின் அடுத்துக் கிட்ட நிற்பது எங்களுடையதென்றால், கரோ விழாவிட்டாலும் புள்ளி எங்களிடம் வந்துவிடும், எதிரணி எறியத் தொடங்க வேண்டியதுதான். அடுத்ததும் எதிரணியுடையதென்றால், அடி பட்டாலும் நிலைமை மாறாது, ஒரு குண்டு குறைந்ததுதான் மிச்சம். இதைச் சித்தப்பா முதல் நாளே சொன்னார், எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

எறிய முன் பேசுவதற்கும் விதி இடம் வைத்திருக்கிறது, ஒரு நிமிடம். குசுகுசுப்பு அதற்குள் முடிய வேண்டும்.

மே 20

ஒரு திருத்தம். அடிபட்ட குண்டும் அடித்த குண்டும் வெளியேறி, ஆடுகளத்தில் குண்டே இல்லாமற் போனால் எதிரணிதான் அடுத்து எறிய வேண்டும் என்று தனிமடலில் ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். அது தவறு. கடைசியாக எறிந்த அணியே மறுபடி எறிய வேண்டும். சம தூரத்தில் இரு அணிக் குண்டுகள் நிற்கும்போது பின்பற்றும் அதே விதி. அடித்ததற்குத் தண்டனையா என்று அவர் கேட்கிறார். வெறுந்தரையை உண்டாக்கியவர் அதை நிரப்பட்டும் என்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மே 29

கண்ணகி அம்மன் சடங்கு, குளிர்த்தி என்று இரு வாரங்களாக ஆட்டம் இல்லை. கோயிலடியில் நின்றபோது சித்தப்பா கொம்புமுறியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை கயிறு கட்டி இழுப்பது. அதிலே தனியாள் தவறு என்று ஒன்றுமில்லை. எவர் கை தளர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பெத்தாங்கில் ஒருவர் எறிய மற்றவர் கைகட்டி நிற்க வேண்டும், தவறு யாருடையது என்று முழுக் காணிக்கும் தெரியும். அப்படியிருக்க இதையும் கூட்டு விளையாட்டு என்பது எப்படி என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "எறியுறவனுக்குப் பின்னால நிற்கிறவனைப் பார், அதில தெரியும்" என்றார். அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, அதுதான் உறுத்தியது.

யூன் 3

மருமகனிடம் நேரடியாகக் கேட்டேன். அன்று வட்டத்துக்குள் போகும்போது அவன் முன்னே நின்ற குண்டை அடிப்பதாகவே மனதில் முடிவெடுத்திருந்தானாம். அவன் காலை ஊன்றி, கையைப் பின்னால் கொண்டுபோகும் வேளையில், பின்னாலிருந்து "குட்டியை, குட்டியை" என்று என் குரல் கேட்டதாம். இரண்டு தரம். நான் ஒரு தரம் சொன்னதாகவே நினைத்திருந்தேன். அதுவும் வட்டத்துக்கு வெளியே நிற்கும்போது.

ஆகவே மே 11 இல் நான் எழுதியதில் ஒரு வசனம் பொய். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல, ஆனாலும் பொய். அந்தக் குண்டு இரண்டு இலக்குகளோடு எறியப்பட்டது. வட்டத்துக்குள் கால் வைத்தவரிடம் எவரும் எதுவும் சொல்லக்கூடாது என்று இப்போது எழுதிவைக்கிறேன். பேசுவதற்கு வெளியே இடம் இருக்கிறது. உள்ளே இருப்பது அரை மீற்றர் வட்டம், அதில் ஒருவருக்குத்தான் இடம்.

அப்படியென்றால் கடைசிச் சொல் எறிபவருடையது, பேச்சு வீண் என்ற என் கூற்றே சரி என்று அக்கரைப்பற்று வாசகர் சில நிமிடங்களில் எழுதிவிட்டார். அவசரப்பட வேண்டாம். இந்த இழை இன்னும் முடியவில்லை.

யூன் 9

அன்றைய சுற்றை முதலிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். கடைசிக் குண்டைப் பற்றியே ஒரு மாதம் வாதாடிவிட்டு, அந்தக் கடைசிக் குண்டு ஏன் மருமகனுடையதாக இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சாணுக்குள் வைத்தால் போதும் என்ற நிலையில், வைப்பதற்கு எங்களிடமிருந்த நல்ல கை மச்சாளின் கை. அவருடைய இரு குண்டுகளும் நடுவிலேயே தீர்ந்துவிட்டன. தீர்த்தவன் நான்.

நடந்தது இதுதான். முந்திய சுற்றை வென்றிருந்ததால் குட்டியை எறியும் உரிமை எங்களுடையது, நான் எறிந்தேன். எட்டு மீற்றருக்குச் சற்று மேல். முதற் குண்டை நானே உயரத் தூக்கி எறிந்து வைத்தேன், அது துள்ளித் தாண்டிப் போயிற்று. எதிரணியில் ஒருவர் குட்டிக்கு முன்னே இரண்டு சாண் தூரத்தில் ஒன்றை நிறுத்தினார். அதைப் பார்த்து நான் சிரித்தேன், இவ்வளவு குட்டையாக வைத்துவிட்டாரே என்று. என் இரண்டாவதும் துள்ளி ஓடியது. மச்சாள் தூக்கவில்லை, தாழ்வாக உருட்டிவிட்டார். வேரைச் சுற்றி வந்து ஒரு சாணுக்குச் சற்று வெளியே நின்றது, புள்ளி எங்களிடம் வந்தது. அவர்கள் அதை அடிக்கப் பார்த்துத் தவறினார்கள், பிறகு இன்னும் கிட்ட ஒன்று வைத்தார்கள். அப்போது நான் மச்சாளிடம், "உருட்டினால் முன்குண்டில் முட்டும், தூக்கி வையுங்கள்" என்றேன். அவர் ஒருகணம் தயங்கினார், பிறகு தூக்கி வைத்தார். அதுவும் துள்ளி ஓடியது. மருமகன் தன் முதற் குண்டால் அந்தக் கிட்டக் குண்டை அடித்து அகற்றினான், மச்சாளின் உருட்டிய குண்டு மறுபடி புள்ளியைப் பிடித்தது. எதிரணி இரண்டைத் தவறவிட்டது. கடைசிக் குண்டை அவர்கள் வேண்டுமென்றே தம் முன்குண்டின் முதுகில் தட்டினார்கள். நான் சிரித்த அந்தக் குட்டையான குண்டு முன்னே நகர்ந்து உள்ளே போயிற்று, தட்டிய குண்டும் பக்கத்திலே நின்றது. ஒரே எறியில் இரண்டு புள்ளி.

முன்னே நிற்கும் குண்டு பணக்குண்டு என்று பிரான்சில் ஒரு வழக்கு உண்டு என்று சித்தப்பா பிறகு சொன்னார். முன்குண்டு வழியை அடைக்கும். அதோடு எவரேனும் தட்டினால் உள்ளே போகும். பின்னே ஓடிய என் இரண்டு குண்டுகளோ, குட்டி பின்னுக்குத் தள்ளப்பட்டால் மட்டுமே பயன்படும் நிலையில் சும்மா கிடந்தன.

மருமகன் தன் முதற் குண்டை அடித்தபோதே இரண்டாவது குண்டு யாருடையது என்று பார்த்திருந்தான் என்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். மே 19 இல் நான் நீட்டி முழக்கிய பாடம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

யூன் 10

நடுஆள் மச்சாளுக்கு முன் தன் இரு குண்டுகளையும் ஏன் செலவழித்தார் என்று கல்முனை ஆசிரியர் கேட்கிறார். வழக்கமாக வைப்பவர்தான் தொடங்குவார், நடுஆள் இடையிலே வருவார், அடிப்பவர் தேவையானபோது வருவார். நான் தொடங்கியதற்குக் காரணம், குட்டியை நான் எறிந்தேன், கையில் குண்டு இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

யூன் 16

மூன்று குண்டுகள் ஒரே இடத்தில் துள்ளின, மருமகனின் கடைசி அடியையும் சேர்த்தால் நான்கு. கச்சான் காற்று வீசத் தொடங்கி மண் காய்ந்து இறுகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஞாயிறன்று அந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நான்கு விரல் ஆழத்தில் சீமெந்து தட்டுப்பட்டது. பழைய வீட்டின் தரை, ஒரு மூலை மட்டும் அப்படியே கிடக்கிறது. அதன் விளிம்பிலிருந்து அரை மீற்றர் தள்ளி மண் பழையபடி மெதுவாக இருக்கிறது.

மச்சாளிடம் சொன்னேன். அவருக்குத் தெரியும். அவர் பிறந்து வளர்ந்தது அடுத்த ஒழுங்கையில். அந்தத் தரை குசினியின் தரை என்பது வரைக்கும் தெரியும். அன்று முதற் குண்டை உருட்டியது அதனால்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சன். அந்த வீட்டுக் கலியாணத்துக்கு நீங்களும் வந்து சாப்பிட்டீங்கதானே" என்றார்.

சாப்பிட்டது நினைவிருக்கிறது. தரை நினைவில்லை.

யூன் 17

நேற்று எழுதியதை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். விடயத்துக்கு வருகிறேன்.

குண்டு எங்கே விழ வேண்டும் என்பதைத் தெரிந்தெடுப்பதே வைப்பதன் பாதி வேலை. எறிய முன் அந்த இடம்வரை நடந்துபோய்ப் பார்ப்பார்கள். ஒரே ஒரு குழியை மூடி மட்டமாக்க விதி அனுமதிக்கிறது, அதுவும் முன்பு எறிந்த குண்டு உண்டாக்கிய குழியை. நான் அன்று நடந்து போகவே இல்லை. மூவரில் ஒருவருக்குத் தரை தெரிந்திருந்தது, ஒருவருக்கு இரண்டாவது குண்டு தெரிந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அக்கரைப்பற்று நண்பருக்கு: பேச்சு வீண் என்பதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பாதி என்னுடைய பேச்சு.

யூன் 30

அதே எதிரணியோடு மறுபடி ஆடினோம். முறை மாறிவிட்டது: குட்டியை மச்சாள் எறிகிறார், முதற் குண்டும் அவருடையது. எறிந்த குட்டி விதிக்குட்பட்ட இடத்தில், அதாவது 6 மீற்றருக்குக் குறையாமலும் 10 மீற்றருக்குக் கூடாமலும், நிற்காவிட்டால் எதிரணி தனக்குப் பிடித்த இடத்தில் அதை வைத்துவிடும் என்பதால், நான் இதுவரை பயந்து நடுவிலேயே போட்டுவந்தேன். மச்சாள் ஆறரை மீற்றரில் போட்டார், தரை மூலைக்கு வெளியே, மெதுமண்ணில். கிட்டத் தூரம் மருமகனின் கைக்கும் ஏற்றது. அவனுடைய அடி முன்னே விழாமல் நேராகவே போய்ப் பட்டது.

எட்டாவது சுற்றில் சிக்கல் வந்தது. எதிரணி ஒன்றைக் கிட்ட வைத்துவிட்டது, எங்களிடம் மூன்று குண்டுகள், அவர்களிடம் ஒன்று. அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, வைக்கலாம் என்று மச்சாள் சொன்னார். வட்டத்துக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தாமல், ஒரு நிமிடத்துக்குள் பேசி முடித்தோம். மருமகன் அடிப்பதென்று தெரிந்தெடுத்து உள்ளே போனான். கையைப் பின்னால் எடுத்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் கையை இறக்கி, திரும்பி, "சொல்லுங்க மாமா" என்றான். ஒன்றுமில்லை என்றேன். தவறவிட்டான். மச்சாள் வைத்துச் சமாளித்தார். எவரும் எதுவும் சொல்லவில்லை, இருமலைப் பற்றியும்.

13 க்கு 10, எங்களுக்கு.

யூலை 2

அக்கரைப்பற்று வாசகர் தன் அடிப்பவரையும் இன்னும் இருவரையும் அழைத்துக்கொண்டு கல்லடிக்கு வந்து ஆடத் தயார் என்று எழுதியிருக்கிறார். வருவதற்கு முன், அந்தச் சீமெந்துத் தரை வட்டத்திலிருந்து எத்தனை மீற்றரில், எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அறியத் தரும்படி கேட்கிறார்.

மச்சாளிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை.